மாறுதிசை மின்சாரத்தில் தைரிஸ்டரை ஏவும் சுற்றுகள்

மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்கு முற்காலத்தில் வீடுகளில் பொருத்தப்பட்டிருந்த கருவி ஒரு கனத்த பெட்டியாகும். அதனுள் கம்பிச் சுருளாலான மின்தடைகள் இருந்தன. விசிறியை மெதுவாகச் சுழலச் செய்யுந்தோறும், மின்சாரத்தின் ஒரு பகுதி அப்பெட்டியிலேயே வெப்பமாகி வீணாயிற்று. கோடை இரவில் அப்பெட்டியைத் தொட்டவர் அதன் சூட்டை நன்கு அறிவர். இன்று அதன் இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவிகள் வந்துவிட்டன. அவற்றுள் ஒரு வகை, மின்தேக்கிகளைப் படிப்படியாக மாற்றி இணைத்து வேகத்தைக் குறைப்பது. மற்றொரு வகை, தைரிஸ்டர் இனத்தைச் சேர்ந்த 'டிரையாக்' என்னும் குறைகடத்திச் சாதனத்தைக் கொண்டு, ஒவ்வோர் அரை அலையிலும் மின்னோட்டம் தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது. பிந்திய வகையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

விசிறிக்கும் விளக்குக்கும் பயன்படும் இதே தத்துவம் மின் உலைகளிலும், பற்றவைப்பு யந்திரங்களிலும், பெரிய மோட்டார்களை மெல்லத் தொடங்கும் கருவிகளிலும், பல்லாயிரம் கிலோவாட் கடத்தும் மின்மாற்று நிலையங்களிலும் பயன்படுகிறது. சாதனத்தின் அளவு வேறுபடுகிறதேயன்றி, அதனை இயக்கும் முறை ஒன்றே. யானை எவ்வளவு பெரிதாயினும் பாகன் கையிலுள்ள அங்குசம் சிறிதே. அதுபோலத் தைரிஸ்டர் தாங்கும் மின்னோட்டம் எவ்வளவு மிகுதியாயினும், அதனை ஏவுவது ஒரு சிறு மின் துடிப்புத்தான். தொழிற்சாலைகளில் 'டிரிக்கர் சர்க்கியூட்' என வழங்கும் இத்துடிப்பைப் பிறப்பிக்கும் அமைப்பை நாம் 'ஏவு சுற்று' என அழைப்போம். தைரிஸ்டர்க் கருவிகள் பழுதுறும்பொழுது பழி பெரும்பாலும் தைரிஸ்டரின்மீதே சுமத்தப்படுகிறது. உண்மையிலோ, குறை பல வேளைகளில் ஏவு சுற்றிலேயே இருக்கும். சுமையின் இயல்பை ஆராயாமல் ஏவு சுற்றை அமைப்பதே அக்குறையின் மூலம் என்பதை இனிக் காண்போம்.

தைரிஸ்டரின் இயல்பு

தைரிஸ்டர் என்பது நான்கு அடுக்குகளைக் கொண்ட சிலிக்கன் சாதனம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். வாயு நிரப்பிய 'தைரட்ரான்' குழாயின் தொழிலை டிரான்ஸிஸ்டரின் உறவான ஒரு சாதனம் செய்வதால், அவ்விரு பெயர்களும் இணைந்து 'தைரிஸ்டர்' என்ற பெயர் அமைந்தது. இதற்கு நேர்முனை, எதிர்முனை, வாயில் என மூன்று முனைகள் உண்டு. வாயிலில் துடிப்பு எதுவும் இல்லாதவரை, சாதனம் இரு திசைகளிலும் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும். நேர்முனை நேர் மின்னழுத்தத்தில் இருக்கும்பொழுது வாயிலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், சாதனம் திறந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும்.

இங்கு இரண்டு அளவுகளை மனத்தில் இருத்த வேண்டும். திறந்த தைரிஸ்டர் வாயிலின் உதவியின்றித் தானே நிலைபெறுவதற்கு, அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும். இதனைப் பற்றும் மின்னோட்டம் எனலாம். நிலைபெற்ற பின்னர், மின்னோட்டம் வேறொரு சிற்றளவுக்குக் கீழே குறைந்தால் சாதனம் மூடிக்கொள்ளும். இது நிலைநிறுத்தும் மின்னோட்டம். பன்னிரண்டு ஆம்பியர் வகையைச் சேர்ந்த பி.டி.151 என்னும் சிறு தைரிஸ்டரில், வாயிலுக்கு அதிக அளவாக 15 மில்லியாம்பியர் தேவைப்படலாம். பற்றும் மின்னோட்டம் 40 மில்லியாம்பியர் வரையும், நிலைநிறுத்தும் மின்னோட்டம் 20 மில்லியாம்பியர் வரையும் இருக்கலாம். திறந்த வாயிலை மூடும் ஆற்றல் ஏவு சுற்றுக்கு இல்லை. மாறுதிசை மின்சாரத்தில் மின்னோட்டம் ஒவ்வோர் அரை அலையின் முடிவிலும் தானே பூச்சியத்தை அடைவதால், சாதனமும் தானே மூடிக்கொள்கிறது. அடுத்த அரை அலையில் அதனை மீண்டும் ஏவ வேண்டும்.

ஒரு தைரிஸ்டர் ஒரு திசையில் மட்டுமே கடத்தும். ஆகவே முழு அலையையும் கட்டுப்படுத்த இரண்டு தைரிஸ்டர்களை எதிரெதிராக இணைப்பர். இவ்விரண்டின் பணியையும் ஒரே சாதனத்தில் செய்வது டிரையாக்.

ஏவு கோணமும் மின்திறனும்

நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 அலைகளாக வருகிறது. ஓர் அரை அலைக்கு ஆகும் காலம் 10 மில்லிவினாடி. இதனை 180 பாகையாகக் கொண்டால், ஒரு பாகை ஏறத்தாழ 55 மைக்ரோவினாடி ஆகும். மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடந்த கணத்திலிருந்து துடிப்பு அளிக்கப்படும் கணம் வரையுள்ள இடைவெளியே ஏவு கோணம். மின் அடுப்பு போன்ற தூய மின்தடைச் சுமையில், ஏவு கோணம் 30 பாகையாயின் முழுத் திறனில் 97 விழுக்காடு கிடைக்கும். 60 பாகையில் 80 விழுக்காடு. 90 பாகையில் 50 விழுக்காடு. 120 பாகையில் 20 விழுக்காடு. 150 பாகையில் 3 விழுக்காடு மட்டுமே.

இவ்வெண்களிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கோணத்தைச் சமமாகக் கூட்டினால் திறன் சமமாகக் குறைவதில்லை. அலையின் இரு ஓரங்களிலும் பெரிய மாறுதல் இல்லை. நடுவில் மிகச் சிறு திருப்பமும் பெரும் மாறுதலை விளைவிக்கிறது. ஆகவே ஏவு சுற்று நடுப்பகுதியில் நிதானமாகவும் பிழையின்றியும் செயற்பட வேண்டும்.

மின் உலைகளைப் போன்று மெதுவாகச் சூடேறும் சுமைகளுக்குக் கோணக் கட்டுப்பாடு தேவையே இல்லை. சில முழு அலைகளை அனுமதித்துச் சில முழு அலைகளை நிறுத்திவைத்தாலே போதும். மின்னழுத்தம் பூச்சியத்தில் இருக்கும்பொழுது ஏவுவதால், வானொலிக்கு இரைச்சல் உண்டாவதும் குறையும். ஆனால் விளக்குக்கு இம்முறை ஒவ்வாது. கண் கூசும்படி அது மினுக்கும்.

எளிய ஏவு சுற்றுகள்

மிக எளிய முறை, தைரிஸ்டரின் நேர்முனையிலிருந்து ஒரு மாறு மின்தடையின் வழியே வாயிலுக்கு மின்னோட்டம் அளிப்பதாகும். மின்னழுத்தம் ஏற ஏற வாயிலின் மின்னோட்டமும் ஏறி, தேவையான அளவை எட்டியதும் சாதனம் திறக்கும். ஆனால் மின்னழுத்தம் 90 பாகையில் உச்சத்தை அடைந்து பின்னர் இறங்குவதால், அதற்குள் திறவாத சாதனம் அந்த அரை அலையில் திறக்கவே திறவாது. எனவே இம்முறையில் ஏவு கோணத்தை 90 பாகைக்கு மேல் கொண்டு செல்ல இயலாது. மேலும், வாயிலுக்கு வேண்டிய மின்னோட்டம் சாதனத்துக்குச் சாதனமும் வெப்பநிலைக்கு ஏற்பவும் மாறுவதால், காலையில் அமைத்த கோணம் நண்பகலில் இராது.

இக்குறையைப் போக்க மின்தடையுடன் ஒரு மின்தேக்கி சேர்க்கப்படுகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் காலந்தாழ்ந்து ஏறும். அதற்கும் வாயிலுக்கும் இடையே 'டையாக்' என்னும் சாதனத்தை வைத்தால், மின்தேக்கி சுமார் 32 வோல்ட்டை எட்டும்வரை டையாக் தடுத்து நின்று, பின்னர்த் திடீரெனத் திறந்து, தேங்கிய மின்னூட்டத்தின் ஒரு பகுதியை வாயிலில் கொட்டிவிடும். மெல்ல ஊறும் மின்னோட்டத்துக்குப் பதிலாகக் கூர்மையான துடிப்பு கிடைப்பதே இதன் நன்மை. விசிறி, விளக்கு ஆகியவற்றின் மலிவான கட்டுப்படுத்திகளில் டிரையாக், டையாக், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மாறு மின்தடை என்னும் நான்கு பொருள்களே முதன்மையாக உள்ளன.

இச்சுற்றில் ஒரு விந்தையான குறையைப் பலர் கண்டிருப்பர். குமிழை மெல்லத் திருப்பும்பொழுது விளக்கு சிறிதும் ஒளிராமலிருந்து, பின்னர் ஓரளவு வெளிச்சத்துடன் சட்டென எரியத் தொடங்கும். அதன்பின் குமிழைப் பின்னோக்கித் திருப்பினால் இன்னும் மங்கலாக எரியச் செய்யலாம். காரணம் இதுவே: டையாக் முதன்முறை திறந்ததும் மின்தேக்கி தன் மின்னூட்டத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. ஆகவே அடுத்த அரை அலையில் அது எதிர்த்திசையில் 32 வோல்ட்டை முன்னிலும் விரைவில் எட்டிவிடுகிறது. மற்றொரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்து இரண்டு படிகளாக அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

இவற்றினும் நம்பகமானது ஒருசந்தி டிரான்ஸிஸ்டரைக் கொண்ட சுற்று. புதிய கருவிகளில் இன்று இது அருகிவிட்டது. ஆயினும் ஏவு சுற்றின் தத்துவத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. திருத்தப்பட்ட மின்சாரத்தை ஜெனர் டயோடு சுமார் 20 வோல்ட்டில் நிறுத்துகிறது. அதிலிருந்து ஒரு மின்தடை வழியே மின்தேக்கி நிரம்புகிறது. அளிக்கப்பட்ட மின்னழுத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பின்னத்தை மின்தேக்கி எட்டியதும், டிரான்ஸிஸ்டர் திறந்து துடிப்பைப் பிறப்பிக்கிறது. அப்பின்னம் 0.63 ஆயின், காலந்தாழ்த்தம் மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏறத்தாழச் சமமாகும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன் 10 கிலோ ஓம் முதல் 90 கிலோ ஓம் வரை மின்தடையை மாற்றினால், காலம் 1 மில்லிவினாடி முதல் 9 மில்லிவினாடி வரை, அதாவது கோணம் 18 பாகை முதல் 162 பாகை வரை மாறும். மின்தடைச் சுமையில் இது முழுத் திறனில் 99 விழுக்காட்டிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழ்வரை கட்டுப்படுத்தப் போதுமானது.

ஜெனர் டயோடுக்குப் பின்னே மின்சாரத்தைச் சமப்படுத்தும் பெரிய மின்தேக்கியை இணைக்கலாகாது என்பதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அரை அலையின் முடிவிலும் 20 வோல்ட் பூச்சியத்துக்கு இறங்குவதால்தான் சிறு மின்தேக்கி காலியாகி, அடுத்த எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. மின்சாரத்தைச் சீராக்குவதாக எண்ணிப் பெரிய மின்தேக்கியைச் சேர்த்தால், துடிப்புகள் அலையோடு தொடர்பின்றித் தோன்றி, விளக்கு தாறுமாறாக மினுக்கும்.

துடிப்பின் வலிமையும் அகலமும்

துடிப்பு உரிய நேரத்தில் வந்தால் மட்டும் போதாது. அது வலிமையாகவும் வர வேண்டும். வாயிலில் மின்னோட்டம் செலுத்தியவுடன் தைரிஸ்டரின் பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் திறந்துவிடுவதில்லை. வாயிலை ஒட்டிய சிறு பகுதி முதலில் திறந்து, பின்னர்த் திறப்பு மெல்லப் பரவுகிறது. துடிப்பு மெலிந்ததாயின் முதலில் திறக்கும் பகுதி மிகச் சிறிதாக இருக்கும். சுமையின் மின்னோட்டம் விரைந்து ஏறினால் அது முழுவதும் அச்சிறு பகுதியில் நெருக்குண்டு, அவ்விடம் கருகிவிடும். ஆகவே குறைந்தபட்சத் தேவையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை, விரைந்து ஏறும் முகப்புடன் வாயிலுக்கு அளிப்பதே நன்முறை. சாதனத்துக்கு விதிக்கப்பட்ட வாயில் திறனின் எல்லையை மட்டும் மீறலாகாது.

அகலத்தைப் பற்றிய கணக்கு இதனினும் முக்கியமானது. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். சுமை, 0.5 ஹென்றி தன்தூண்டல் கொண்ட ஒரு கம்பிச்சுருள் எனக் கொள்வோம். உச்சத்தில், அதாவது 90 பாகையில், தைரிஸ்டரை ஏவினால், சுருளில் மின்னோட்டம் வினாடிக்கு 650 ஆம்பியர் வீதம் ஏறும். பற்றும் மின்னோட்டமாகிய 40 மில்லியாம்பியரை எட்டுவதற்கு ஏறத்தாழ 62 மைக்ரோவினாடி ஆகும். ஏவு சுற்றின் துடிப்பு 20 மைக்ரோவினாடியில் முடிந்துவிட்டால், தைரிஸ்டர் திறந்து, பற்றிக்கொள்ளாமல் மீண்டும் மூடிவிடும். மின்தடைச் சுமையில் பழுதின்றி வேலை செய்த சுற்று, சுருளை இணைத்ததும் செயலற்றுப்போவதன் மர்மம் இதுவே.

இதே சுருளில், மின்னழுத்தம் 50 வோல்ட்டாக இறங்கிவிட்ட நிலையில், அதாவது 171 பாகையில் ஏவுவதாக எண்ணிப் பார்ப்போம். மின்னழுத்தம் பூச்சியத்தை அடைய அரை மில்லிவினாடியே எஞ்சியுள்ளது. அதற்குள் மின்னோட்டம் 25 மில்லியாம்பியர் அளவுக்கே ஏற இயலும். துடிப்பை எவ்வளவு நீட்டினும் 40 மில்லியாம்பியரை அது எட்டாது. ஆகவே, ஏவு சுற்றின் குமிழ் எந்தக் கோணத்துக்கு அப்பால் செல்லலாகாது என்பதையும் சுமையைக் கொண்டே முடிவுசெய்து, அங்கு ஒரு தடை அமைக்க வேண்டும்.

தூண்டல் சுமையில் நேரும் விபத்து

மோட்டார், மின்மாற்றி, கம்பிச்சுருள் ஆகியவற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். ஒரு சுமையில் இப்பின்தங்கல் 60 பாகை என்றும், எதிரெதிராக இணைத்த இரு தைரிஸ்டர்களை 45 பாகையில் குறுகிய துடிப்புகளால் ஏவுகிறோம் என்றும் கொள்வோம். முதல் தைரிஸ்டர் 45 பாகையில் திறக்கிறது. ஏவு கோணம் பின்தங்கலைவிடக் குறைவாதலால், அதன் மின்னோட்டம் 180 பாகைக்கும் அதிகமான காலம் நீடிக்கும். இரண்டாவதற்குரிய துடிப்பு 225 பாகையில் வருகிறது. அப்பொழுது முதலாவது இன்னும் கடத்திக்கொண்டிருப்பதால், இரண்டாவதன் முனைகளில் மின்னழுத்தம் எதிர்த்திசையில் உள்ளது. துடிப்பு வீணாகிறது. சிறிது நேரத்தில் முதலாவது மூடிக்கொள்ளும்பொழுது, இரண்டாவதை ஏவத் துடிப்பு எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

விளைவு யாது? ஒரே தைரிஸ்டர் மட்டும் தொடர்ந்து கடத்த, மாறுதிசை மின்சாரம் ஒருதிசை மின்சாரமாகிவிடுகிறது. சுமை மின்மாற்றியாக இருப்பின், அதன் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிறைவுற்று, மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். உருகு கம்பி எரிந்து அறுபடும். அதற்குமுன் தைரிஸ்டரே அழிவதும் உண்டு. திறனைக் கூட்டுவதற்காகக் குமிழைத் திருப்பிய அக்கணத்திலேயே இவ்விபத்து நேர்வதால், இயக்குபவர் தம் கையின்மீதே ஐயுறுவார். குற்றம் அவருடையதன்று, துடிப்பின் குறுமையே காரணம்.

பரிகாரம் இரண்டு. ஏவு கோணம் பின்தங்கலைவிடக் குறையாதவாறு தடை அமைப்பது ஒன்று. ஆனால் மோட்டாரின் பின்தங்கல் அதன் பளுவுக்கேற்ப மாறுவதால் இத்தடையை மட்டும் நம்ப இயலாது. ஏவு கோணத்திலிருந்து அரை அலையின் முடிவு வரை துடிப்பை நீட்டித்துவைப்பதோ, இடைவிடாத துடிப்புத் தொடரை அளிப்பதோ சிறந்த பரிகாரமாகும். அவ்வாறாயின் முதல் தைரிஸ்டர் மூடியவுடன் இரண்டாவது தானே திறந்துகொள்ளும். தொடரின் ஒவ்வொரு துடிப்பும், முன்னர்க் கணக்கிட்டவாறு, மின்னோட்டம் பற்றுவதற்குப் போதிய அகலம் உடையதாக இருத்தல் வேண்டும்.

இரு அரை அலைகளின் சமன்மை

மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தை அறிவதே எல்லா ஏவு சுற்றுகளுக்கும் தொடக்கம். இதில் பிழை நேர்ந்தால் இரு அரை அலைகளும் சமமாக இரா. 90 பாகையில் ஏவும்பொழுது, ஓர் அரை அலையில் துடிப்பு 100 மைக்ரோவினாடி முந்திவிட்டதாகக் கொள்வோம். இது 1.8 பாகை மட்டுமே. எனினும் மின்தடைச் சுமைக்குரிய கணக்கின்படி, இதனால் ஏறத்தாழ 1.6 வோல்ட் அளவுக்கு நேர்திசை மின்னழுத்தம் உண்டாகும். இத்தகைய மின்னழுத்தம், 2 ஓம் மின்தடையுள்ள ஒரு மின்மாற்றியின் முதற்சுருளில் ஏற்பட்டால், 0.8 ஆம்பியர் நேர்திசை மின்னோட்டம் அதில் ஓடும். உள்ளகம் உறுமுவதும் சூடேறுவதும் இதனால்தான்.

ஆகவே இன்றைய சுற்றுகளில் ஒரே ஏறு சரிவு அலையை இரு அரை அலைகளுக்கும் பொதுவாக வைத்து, அதனைக் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டுத் துடிப்பைப் பிறப்பிக்கின்றனர். ஒரே அளவுகோலால் இரண்டையும் அளப்பதால் வேறுபாடு குறைகிறது. நுண்கட்டுப்படுத்திகளில் இதே வேலையை எண்ணிக்கையால் செய்கின்றனர். பூச்சியக் கடப்பை அறிந்ததும் மைக்ரோவினாடிகளை எண்ணத் தொடங்கி, குறித்த எண் வந்ததும் துடிப்பை அனுப்புகின்றனர். சுற்று மாறினும், அகலம், வலிமை, சமன்மை என்னும் மூன்று தேவைகளும் மாறவில்லை.

மின்காப்பு

தைரிஸ்டரின் வாயில் மின்வழியோடு நேரே தொடர்புடையது. அதனைத் தொடும் ஏவு சுற்றும் 230 வோல்ட்டோடு ஒன்றிவிடும். கட்டுப்படுத்தும் குமிழையும் நுண்கட்டுப்படுத்தியையும் மனிதர் தொடுவதால், இவ்விரண்டையும் பிரித்துவைப்பது உயிர்ப்பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

பிரிப்பதற்குத் தொன்றுதொட்டு வரும் சாதனம் துடிப்பு மின்மாற்றி. ஆனால் அது தாங்கும் அளவு வோல்ட்டையும் காலத்தையும் பெருக்கிய தொகையால் வரையறுக்கப்பட்டது. 250 வோல்ட்-மைக்ரோவினாடி தாங்கும் மின்மாற்றியில் 10 வோல்ட் துடிப்பை 25 மைக்ரோவினாடிக்கு மேல் செலுத்தினால், உள்ளகம் நிறைவுற்றுத் துடிப்பு அறுந்துவிடும். நாம் மேலே கண்ட சுருளுக்கோ 62 மைக்ரோவினாடிக்கும் அதிகம் தேவை. பெரிய உள்ளகத்தைக் கொள்வது ஒரு வழி. மின்மாற்றியின் முதற்சுருளின் இரு பாதிகளையும் மாறி மாறி இயக்கி, வெளிவரும் மின்சாரத்தை டயோடுகளால் திருத்தி வாயிலுக்கு அளிப்பது மற்றொரு வழி. பின்னதில் சிறிய உள்ளகத்தைக் கொண்டே எவ்வளவு நீண்ட ஏவலையும் அளிக்கலாம்.

சிறு கருவிகளில் இன்று பெருவழக்காக உள்ளது ஒளி இணைப்பான். ஒருபுறம் ஒளி உமிழும் டயோடும் மறுபுறம் ஒளியால் திறக்கும் சிறு டிரையாக்கும் ஒரே உறையில் உள்ளன. இடையே ஒளியன்றி வேறு தொடர்பில்லை. இவற்றுள் இரு வகைகள் உண்டு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். எம்.ஓ.சி.3052 போன்றவை எக்கணத்திலும் திறப்பவை. கோணக் கட்டுப்பாட்டுக்கு இவையே ஏற்றவை. எம்.ஓ.சி.3063 போன்றவை மின்னழுத்தம் பூச்சியத்தை ஒட்டியிருக்கும்பொழுது மட்டுமே திறப்பவை. உலைகளுக்கு இவை பொருந்தும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றேயாதலால், கடையில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, விளக்கு ஏன் மங்கவில்லை என நாட்கணக்கில் தேடுவோர் உளர்.

ஒளி இணைப்பானின்றி டிரையாக்கின் வாயிலை நேரே இயக்குவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். இதற்கு முதன்முனை, இரண்டாம்முனை, வாயில் என மூன்று முனைகள் உண்டு. வாயிலுக்கு நேர்த் துடிப்பு அளித்து, இரண்டாம்முனை எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும் நிலையில் டிரையாக் மிக மந்தமாக இருக்கும். பி.டி.136 வகையில், மற்ற மூன்று நிலைகளில் 35 மில்லியாம்பியர் போதுமெனில், இந்நிலையில் 70 மில்லியாம்பியர் வரை வேண்டியிருக்கும். இரு அரை அலைகளிலும் எதிர்த் துடிப்பையே அளிப்பது இத்தொல்லையை அகற்றும்.

ஏவாமலே திறத்தல்

தைரிஸ்டரின் முனைகளில் மின்னழுத்தம் மிக விரைந்து ஏறினால், அதன் அடுக்குகளுக்கிடையே உள்ள மின்தேக்கத்தின் வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து, வாயில் துடிப்பைப் போலவே செயற்பட்டுச் சாதனத்தைத் திறந்துவிடும். அருகிலுள்ள மோட்டார் ஒன்றை நிறுத்தினாலும் இது நேரலாம். இதனைத் தடுக்க, தைரிஸ்டருக்கு இணையாக 100 ஓம் அளவு மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைக்கப்படும். ஆனால் இம்மின்தேக்கி வழியே, தைரிஸ்டர் மூடியிருக்கும்பொழுதும் சுமார் 7 மில்லியாம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். கருவியை அணைத்துவிட்டதால் சுமை மின்சாரமற்றது என எண்ணிக் கை வைத்தல் கூடாது. பழுதுபார்க்குமுன் தனி விசையால் மின்வழியைத் துண்டிக்க வேண்டும்.

பழைய விளக்குக் கட்டுப்படுத்திகளில் இக்காலத்து எல்.இ.டி. விளக்கை இணைத்தால் அது துடிதுடிப்பதன் காரணமும் இப்பொழுது விளங்கும். இழை விளக்கைப் போல் அது மிகுந்த மின்னோட்டத்தைக் கொள்வதில்லை. அலையின் இடையிலேயே மின்னோட்டம் நிலைநிறுத்தும் அளவுக்குக் கீழே இறங்கிவிடுவதால், டிரையாக் நினைத்தபொழுது மூடிக்கொள்கிறது. அணைத்த பின்னும் மெல்லிய ஒளி தெரிந்தால், மேற்கூறிய மின்தேக்கியின் வழியே கசியும் மின்னோட்டம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

உயர் மின்னழுத்த நிலையங்களில்

இதே தத்துவம் மிகப் பெரிய அளவில் செயற்படும் இடங்கள் நம் நாட்டில் உள்ளன. 1989ஆம் ஆண்டில் விந்தியாசல் நிலையம் வடக்கு, மேற்கு மின்தொகுப்புகளைத் தைரிஸ்டர்களைக் கொண்டு இணைத்தது. 2003ஆம் ஆண்டில் ஒடிசாவின் தால்ச்சரையும் கர்நாடகத்தின் கோலாரையும் 500 கிலோவோல்ட் நேர்திசை மின்வழி இணைத்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு, 6,000 மெகாவாட் கடத்தவல்ல 800 கிலோவோல்ட் மின்வழி 2020, 2021 ஆண்டுகளில் செயலுக்கு வந்தது.

இந்நிலையங்களில் ஒரு தைரிஸ்டர் தனித்து நின்று மின்னழுத்தத்தைத் தாங்க இயலாது. பல தைரிஸ்டர்கள் தொடராக அடுக்கப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். ஒன்று மட்டும் பிந்தினால், மற்றவை திறந்துவிட்ட நிலையில் மின்னழுத்தம் முழுவதும் அதன்மீதே விழும். ஆகவே ஏவல் ஒளியிழைகளின் வழியே ஒவ்வொரு தைரிஸ்டருக்கும் தனித்தனியே அனுப்பப்படுகிறது. ஏவல் தவறிய தைரிஸ்டர் சேதமுறாமல் தானே திறந்துகொள்வதற்கும் வழி செய்யப்பட்டுள்ளது. மேலும், மின்னலை சிறிது சிதைந்தாலும் ஏவு கோணங்கள் பிறழாதிருக்க, பூச்சியக் கடப்பை ஒவ்வொரு முறையும் நம்பாமல், சம இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் முறை 1968ஆம் ஆண்டு முதல் பரவியது. பன்னிரு துடிப்பு அமைப்பில் அவ்விடைவெளி 30 பாகை, அதாவது 1.67 மில்லிவினாடி. வீட்டு விளக்கில் சிறு மினுக்கலாகத் தோன்றும் பிழை, இங்கு ஒரு மாநிலத்தின் மின்வழங்கலையே பாதிக்கக்கூடும்.

முடிவாக

ஏவு சுற்றை அமைக்கப் புகுவோர் முதலில் காணவேண்டியது சுற்றுப்படம் அன்று, சுமையே. அது மின்தடையா, சுருளா, மின்மாற்றியா? மின்னோட்டம் எவ்வளவு விரைவில் ஏறும்? எவ்வளவு பின்தங்கும்? இவற்றை அறிந்தபின் துடிப்பின் அகலம், கோணத்தின் இரு எல்லைகள், வாயிலின் மின்னோட்டம், பிரிக்கும் முறை ஆகியவற்றை இவ்வரிசையிலேயே முடிவுசெய்யலாம். சுற்றை முடித்ததும், விளக்கை மட்டும் இணைத்துப் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. உண்மையில் இயக்கப்போகும் சுமையையே இணைத்து, கோணத்தை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை மெல்ல மாற்றி, இரு அரை அலைகளும் சமமாக உள்ளனவா என அலைகாட்டியில் நோக்க வேண்டும். சில மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடும் துடிப்பைப் பற்றிச் சில மணி நேரம் சிந்திப்பதால், பெரும் பொருட்சேதத்தையும், சில வேளைகளில் உயிர்ச்சேதத்தையும் தவிர்க்கலாம்.